வட்டத்துக்கு யார் வரி கொடுப்பது?

(பாண்டுப் மேற்கில், பங்குனி உத்திரத்துக்கு முந்தைய ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று அமைப்பாளர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் சாஸ்தா கோயிலுக்கு வண்டி ஏறிவிட்டார்கள். மீதிப்பேர் வெயிட்டிங் லிஸ்ட் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, பாண்டுப் தமிழனின் எதிர்காலம் இப்போது இரண்டு மாதம்தான். சிரிக்காதீர்கள், இந்தக் கணக்குப் பின்னால் தேவைப்படும்.

எனக்குத் தந்த தலைப்பு, தாவோ மரபிலும் ஆப்பிரிக்கச் சிந்தனையிலும் காலமும் சமூகமும். மேற்கத்தியருக்குக் காலம் நேர்கோடு, நமக்கெல்லாம் வட்டம், வட்டமே உயர்ந்தது என்று பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. நேர்கோட்டுக் காலம் இல்லாமல் நம்மில் யாரும் பாண்டுப்புக்கு வந்திருக்கவே மாட்டோம். சியட் டயர் ஆலையின் ஷிஃப்ட், ஜி.கே.டபிள்யூ. ஆலையின் ஷிஃப்ட், எல்.பி.எஸ். சாலையோரப் பட்டறைகளின் ஓவர்டைம், இப்போது வீட்டுக் கடனின் மாதத் தவணை: இவைதான் நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவை. அதோடு, வட்டம் என்று பெருமையாகப் பேசுகிறோமே, அது தானாகச் சுற்றுவதில்லை. யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வரி பிரித்தால்தான் சுற்றுகிறது. காலம் திரும்பி வரும் என்று நம்பிய சமூகங்களைப் பற்றி நான் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த நோட்டுப் புத்தகம்தான்.

ஓர் எண்ணில் தொடங்குகிறேன். அறுபது.

பிரபவ முதல் அட்சய வரை நமக்கு அறுபது ஆண்டுகள். கடைசியாக பிரபவ வந்தது 1987இல். சீனர்களுக்கும் அறுபதுதான். வானத் தண்டுகள் பத்து, பூமிக் கிளைகள் பன்னிரண்டு. இரண்டையும் சேர்த்துச் சுழற்றினால் அறுபது ஆண்டு கழிந்ததும் தொடங்கிய இடத்துக்கே வரும். அவர்களின் இப்போதைய சுற்று 1984இல் தொடங்கியது. பெய்ஜிங்கில் வெண்முகில் கோயில் என்றொரு பெரிய தாவோ மடம் இருக்கிறது. அங்கே ஒரு மண்டபத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் அறுபது சாமிகள் வரிசையாக நிற்கின்றன. போகிறவர்கள் தாம் பிறந்த ஆண்டின் சாமி எது என்று தேடிப் பிடித்துக் கும்பிடுகிறார்கள். நாம் திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறோம். வசதிப்படாவிட்டால் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வைத்துக்கொள்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், பாண்டியாகாரா என்ற செங்குத்துப் பாறைச் சரிவில் வாழும் டோகோன் மக்களுக்கும் அறுபது ஆண்டுக்கு ஒரு விழா உண்டு. சிகி என்று பெயர். முதல் மூதாதையின் சாவையும், பேச்சு மனிதரிடம் வந்து சேர்ந்ததையும் நினைவுகூரும் விழா. யூகோ கிராமத்தில் தொடங்கி, ஊர் ஊராக நகர்ந்து, ஏழு ஆண்டுகள் நடக்கும். கடைசியாக 1967இல் தொடங்கி 1973 வரை நடந்தது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ் ஆண்டுதோறும் போய்ப் படம் எடுத்தார். அடுத்த சிகி 2027இல்.

1967இல் நமக்கு என்ன ஆண்டு? பிலவங்க. 2027? அதுவும் பிலவங்க. தற்செயல்தான். இதை வைத்துக்கொண்டு டோகோன்கள் தமிழர்களே என்று யாரும் புத்தகம் போட்டுவிட வேண்டாம். ஏற்கெனவே அவர்களைப் பற்றி ஏராளமான கதை உலவுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை நட்சத்திரத்தை டோகோன்கள் அறிந்திருந்தார்கள் என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அவர்களோடு பல ஆண்டுகள் இருந்து ஆய்வு செய்த டச்சு மானிடவியலாளர் வால்டர் வான் பேக், அப்படி ஒரு நம்பிக்கையைத் தான் அங்கே காணவில்லை என்று 1991இல் எழுதிவிட்டார். வீடியோக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஊர் ஊருக்கு அறுபது வருவது எனக்கு வியப்பில்லை. அறுபது என்பது ஏறக்குறைய ஒரு மனிதனின் நினைவு நீளும் தூரம். சிறுவனாகச் சிகியைப் பார்த்தவர் கிழவராக இன்னொன்றைப் பார்க்கலாம். அவர் சொன்னால்தான் எப்படி ஆடுவது, எதை எங்கே வைப்பது என்று மற்றவர்களுக்குத் தெரியும். சுற்று அதைவிட நீண்டால் சாட்சி இருக்காது. நாமும் முழு வட்டத்தில் வாழ்கிறவர்கள் இல்லை. நம் அழைப்பிதழ்களைப் பாருங்கள், ஒரே வரியில் விசுவாவசு ஆண்டும் இருக்கும், திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். ஒன்று சுழல்வது, மற்றொன்று ஏறிக்கொண்டே போவது. புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்று 2008இல் ஒரு சட்டம் வந்தது, 2011இல் அது போனது. பாண்டுப்பில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. தலைவர் முறைக்கிறார், நான் மேலே போகிறேன்.

தாவோ என்றதும் நம் நினைவுக்கு வருவது லாவோட்சு. சி. மணி தமிழில் கொண்டுவந்த தாவோ தே ஜிங்கை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். எதுவும் தன் எல்லை வரை போய்ப் பிறகு திரும்பும், திரும்புவதே தாவோவின் நடை என்பது அதன் அடிநாதம். சுவாங்சுவின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மனைவி இறந்த வீட்டுக்கு நண்பர் துக்கம் விசாரிக்க வருகிறார். இவர் தரையில் உட்கார்ந்து ஒரு பாண்டத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால், முதலில் எனக்கும் துக்கம்தான், பிறகு யோசித்தேன், பருவங்கள் மாறுவது போலத்தானே இதுவும் என்கிறார். அழகான கதை. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். சுவாங்சு பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாவைக் குளிப்பாட்டியது யார்? பாடை கட்டியது யார்? வந்தவர்களுக்குச் சோறு போட்டது யார்?

இதற்குப் பதில் தத்துவ நூல்களில் கிடைக்காது, தாவோ சமயத்தின் வரலாற்றில் கிடைக்கும். கி.பி. 142இல் சிச்சுவான் பகுதியில் சாங் தாவோலிங் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வானக ஆசான்களின் நெறி என்று அதற்குப் பெயர். அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் வேறு, ஐந்து படி அரிசிக்காரர்கள். குடும்பத்துக்கு ஐந்து படி அரிசி வரி. பகுதியை 24 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஆண்டுக்கு மூன்று தடவை, முதல் மாதம், ஏழாம் மாதம், பத்தாம் மாதம், எல்லாரும் கூட வேண்டும். கூடும்போது குடும்பப் பதிவேட்டைத் திறப்பார்கள். யார் பிறந்தார், யார் செத்தார், எந்த வீட்டுக்கு மருமகள் வந்தாள் என்று திருத்தி எழுதுவார்கள். மனிதரின் ஏடும் வானத்து ஏடும் ஒத்துப்போக வேண்டும் என்பது நம்பிக்கை. சேர்ந்த அரிசி எங்கே போயிற்று? சாங் தாவோலிங்கின் பேரன் சாங் லூ சாலையோரங்களில் சத்திரங்கள் வைத்தார். வழிப்போக்கர்கள் பசிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், மிஞ்சி எடுக்கக் கூடாது. 215இல் அவர் சாவோ சாவோ என்ற படைத்தலைவரிடம் பணியும் வரை ஹான்சோங் பகுதியில் இந்த ஆட்சி நடந்தது.

அதே காலத்தில், கிழக்கே, இன்னொரு தாவோ கூட்டம் 184இல் ஹான் பேரரசை எதிர்த்து எழுந்தது. மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி. அவர்கள் ஏன் 184ஐத் தேர்ந்தெடுத்தார்கள்? அறுபதாண்டுச் சுற்றின் முதல் ஆண்டு அது. பழைய வானம் செத்துப் புதிய வானம் பிறக்கும் ஆண்டு என்று சொல்லித்தான் அவர்களின் தலைவர் சாங் ஜுவே ஆள் திரட்டினார். வட்டக் காலத்தை நம்புகிறவன் விதியே என்று கிடப்பான் என்று சொல்வார்கள். ஹான் அரசவை அப்படி நினைத்திருக்காது.

நம் கோயில் கொடைக்கு வருவோம். தெக்கத்தி ஊர்களில் அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை என்றால் முதலில் கூடுவது ஊர்க்கூட்டம். நாள் குறிப்பார்கள், வரி போடுவார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. கல்யாணம் ஆன ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. போன கொடைக்கும் இந்தக் கொடைக்கும் இடையில் யார் வீட்டில் புதுத் தலைக்கட்டு ஏறியது, யார் காலமானார், யார் பாக்கி என்று நோட்டைத் திறந்து பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை, எட்டாம் நாள் எட்டாம் கொடை. சிச்சுவானில் நடந்ததும் இதுதானே? நமக்கு அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது. பதிவேட்டில் பெயர் இருந்தால் ஊர்க்காரன். வரியை நிறுத்தினால் உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது.

அந்த நோட்டில் மும்பைக்கு என்று தனிப்பக்கம் உண்டு. எங்கள் ஊர் நோட்டில் அது கடைசிப் பக்கமாக இருந்தது, இப்போது நோட்டில் பாதி அதுதான். ஓட்டுக் கூரைக் கோயில்கள் கான்கிரீட் ஆனதும், வில்லுப்பாட்டுக்கு நல்ல செட்டை இரண்டு இராத்திரிக்கு அமர்த்த முடிந்ததும் தாராவியிலும் பாண்டுப்பிலும் சம்பாதித்த காசில்தான். ஊரில் இருப்பவர்கள் வட்டத்தைச் சுற்றுகிறார்கள், அச்சுக்கு எண்ணெய் விட்டுப் போனவர்களிடமிருந்து வருகிறது.

ஆப்பிரிக்காவுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கச் சிந்தனை என்று ஒருமையில் பேசுவதே எனக்கு உறுத்துகிறது. கன்னியாகுமரிக்காரரையும் காஷ்மீரியையும் சேர்த்து இந்தியச் சிந்தனை என்று பேசும்போதே தடுமாறுகிறோம். அது ஒரு கண்டம். ஆனாலும் ஒரு புத்தகத்தைத் தவிர்க்க முடியாது. கென்யாவில் பிறந்த ஜான் ம்பிதி 1969இல் எழுதிய 'ஆப்பிரிக்கச் சமயங்களும் தத்துவமும்'. கிறிஸ்தவப் பாதிரியார், கம்பா இனத்தவர், 2019இல் காலமானார். தன் மக்களின் மொழியைக் கொண்டு அவர் காலத்தை இரண்டாகப் பிரித்தார். அவற்றுக்குச் சுவாகிலிச் சொற்களைப் பெயராக வைத்தார். சாசா என்பது இப்போது நடப்பதும், நடந்து சூடு ஆறாததும், நடக்கப்போவது உறுதியானதும். ஜமானி என்பது எல்லாம் போய்ச் சேரும் ஆழ்ந்த பழங்காலம். காலம் முன்னோக்கி ஓடவில்லை, சாசாவிலிருந்து ஜமானிக்குப் பின்னோக்கி வடிகிறது என்றார். எதிர்காலம் என்பது அவர் கணக்கில் அதிகம் போனால் இரண்டு ஆண்டு. அதற்கு அப்பால் நிகழ்ச்சி எதுவும் உருவாகாததால் அது காலமே இல்லை. நம் ரயில்வே இன்னும் கஞ்சம்.

இதைக் கானா நாட்டுத் தத்துவவாதி குவாமே ஜெக்யே 1987இல் கடுமையாக மறுத்தார். அகான் மக்களின் மொழியிலும் சிந்தனையிலும் நீண்ட எதிர்காலத்துக்கு இடம் உண்டு, ஓரிரு மொழிகளின் வினைச்சொல்லை வைத்துக்கொண்டு கண்டத்துக்கே எதிர்காலம் கிடையாது என்று தீர்ப்பு எழுதாதே என்பது அவர் வாதம். நியாயமான வாதம். எனக்கு ம்பிதியிடம் பிடித்தது எதிர்காலத்தைப் பற்றி அவர் சொன்னது அல்ல, செத்தவர்களைப் பற்றிச் சொன்னது. செத்தவர் உடனே பழங்காலத்துக்குப் போய்விடுவதில்லை. அவரை நேரில் அறிந்தவர், பெயர் சொல்லி நினைப்பவர் இருக்கும் வரை அவர் சாசாவில்தான் இருக்கிறார், குடும்பத்தின் நடப்பில் இருக்கிறார். அப்படி அறிந்த கடைசி ஆளும் போன பிறகுதான் ஜமானியில் கரைகிறார். ஆகவே பிள்ளை பெறுவதும் பெயர் வைப்பதும் படையல் போடுவதும் அங்கே காலத்தையே பராமரிக்கிற வேலைகள்.

நம் கொடையில் இதற்கு மேலே ஒரு படி ஏறியிருக்கிறோம். சுடலைமாடன் கோயில் பீடங்களில் நிற்கும் சாமிகளில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்த மனிதர்கள். அவர்களை நேரில் பார்த்த ஆள் இன்று யாரும் இல்லை. ம்பிதியின் கணக்குப்படி எப்போதோ கரைந்திருக்க வேண்டும். ஏன் கரையவில்லை? வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துச் சகோதரிகள் இருவரையும் மணந்து, செருப்புத் தைத்து வாழ்ந்து, மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவன். நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். கொடை இராத்திரியில் புலவர் அந்தச் சாவைப் பாடும்போது ஒருவர் மேல் சாமி இறங்குகிறது. அந்த நிமிடம் முத்துப்பட்டன் பழங்காலத்தில் இல்லை, இதோ, திருநீறு கொடுக்கிறான், எங்கே நீ போன வருஷம் வரவில்லை என்று கேட்கிறான். பெயர் அறிந்த கடைசி ஆள் என்ற ஒருவரை ஊர் வரவே விடுவதில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் நீங்கள் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் இந்த முத்துப்பட்டனை எத்தனை பேர் சாதி தாண்டிச் சேர்ந்து கும்பிடுகிறோம்? கொடை வட்டம் பெரும்பாலும் ஒரே தெருவுக்குள், ஒரே சாதிக்குள்தான் சுற்றுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்தவர்களில் பலர் வட்டத்துக்காக ஏங்கி வந்தவர்கள் இல்லை. அந்த வட்டத்தில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் எதுவென்று அனுபவித்து, அதை அறுத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு பம்பாய் ஒரு நேர்கோடு. மாசம் முடிந்தால் கூலி, யார் மகன் என்று கேட்காத லோக்கல் ரயில். அந்த நேர்கோடும் நேராக இருந்ததா என்றால் இல்லை. ஆனாலும் வட்டத்தின் அழகை மட்டும் பேசுகிறவர்கள், அதில் பறை அடித்துவிட்டு வெளியே நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம்.

பெண்கள் விஷயம் இன்னும் சுவாரசியம். எனக்கு வரி கிடையாது. எந்த நோட்டிலும் என் பெயர் இல்லை. பிறந்த வீட்டில் அப்பாவின் தலைக்கட்டு, புகுந்த வீட்டில் கணவருடைய தலைக்கட்டு. கணவன் இறந்தால் பல ஊர்களில் வரி பாதியாகும், சில ஊர்களில் அடியோடு தள்ளுபடி. சலுகை மாதிரித் தெரியும். வரி இல்லாதவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இல்லை. எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம் கதா என்றொரு ஏற்பாடு உண்டு, 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எட்டு ஆண்டுக்கு ஒரு முறை ஓர் அணி பதவியை விட்டு இறங்க, அடுத்த அணி ஏறும். அணிகள் ஐந்து, மொத்தச் சுற்று நாற்பது ஆண்டு. யாரும் நாற்காலியில் ஒட்டிக்கொள்ள முடியாது. நம் மும்பைத் தமிழ் அமைப்புகள் சிலவற்றுக்கு இதை மொழிபெயர்த்து அனுப்பலாம். ஆனால் கதாவிலும் பெண்ணுக்கு இடமில்லை. ஒரோமோப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சீங்கே என்ற கோல் கல்யாணத்தின்போது பெண்ணுக்குக் கிடைக்கும். ஒருத்திக்கு அநியாயம் நடந்தால் மற்றவர்கள் கோலைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கிவிடுவார்கள். சமாதானம் ஆகும் வரை திரும்ப மாட்டார்கள். அடுப்பு எரியாது, மாடு கறக்காது. எட்டாண்டுச் சுற்று எல்லாம் அந்த நாள்களில் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பெண்களிடம் கோல் இல்லை, சீட்டு இருக்கிறது. வட்டக் காலத்தைப் பற்றிப் பேசும் அறிஞர்கள் சீட்டைப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். குலுக்குச் சீட்டோ ஏலச்சீட்டோ, மராத்தியில் பிஷி. இருபது பேர், இருபது மாதம், ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். நைஜீரியாவின் யொருபாக்களிடம் அது எசுசு, கானாவில் சுசு, சீனர்களிடம் ஹுய், தென்னாப்பிரிக்காவில் ஸ்டோக்வெல். தைவானில் இதற்கென்றே குடிமைச் சட்டத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற பெரிய மானிடவியலாளர் 1962இல் இதைப் பற்றி எழுதியபோது, இது உழவுச் சமூகம் வணிகச் சமூகமாக மாறும் வழியில் ஒரு நடுப்படி, வங்கி வந்ததும் மறைந்துபோகும் என்று கணித்தார். ஜோகன்னஸ்பர்கில் வங்கி வந்து எத்தனை காலம் ஆயிற்று? ஸ்டோக்வெல் மறையவில்லை, வங்கிகளே அதற்கென்று தனிக் கணக்கு திறந்து கொடுக்கின்றன.

பாண்டுப்புச் சாலில் சீட்டுப் பிடிக்கும் அக்காவின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். அதில் தமிழ்ப் பெயரும் இருக்கும், மராத்திப் பெயரும் இருக்கும், உத்தரப் பிரதேசத்துப் பெயரும் இருக்கும். எந்தச் சாதி என்று அந்த அக்கா கேட்பதில்லை. எந்தத் தேதி சம்பளம் என்று கேட்பாள். மூதாதை இல்லாத வட்டம் இது. ஓர் ஆள் முதல் மாதமே எடுத்துக்கொண்டு ஓடினால் உடைந்துபோகும், உடைந்தும் இருக்கிறது. அதனால் யாருக்கு எந்த மாதம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் யாருக்கு, பிரசவ மாதம் யாருக்கு என்று பேசி முடிவு செய்வார்கள். அவசரத் தேவை உள்ளவளுக்கு முன்னால், பொறுக்கக்கூடியவளுக்குப் பின்னால். வட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சுற்றாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி முறையை மாற்றிக்கொள்ளும் ஒரே வட்டம் நான் பார்த்ததில் இதுதான். கொடை நோட்டைவிட இந்த நோட்டின் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஊர் அண்ணாச்சிகள் மன்னிக்க வேண்டும்.

புலம்பெயர்ந்தவர்களுக்குக் கடைசி முறை சாவு. ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கு வந்த கறுப்பின உழைப்பாளிகள் அமைத்துக்கொண்ட சங்கங்களில் மிகப் பரவலானது அடக்கச் சங்கம். செத்தால் உடலைச் சொந்த மண்ணுக்கு அனுப்ப. கலிஃபோர்னியாவுக்குப் போன கான்டன் சீனர்கள் இன்னும் ஒரு படி மேலே. புதைத்துச் சில ஆண்டு கழித்து எலும்பை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றுவார்கள். ஹாங்காங்கில் துங் வா மருத்துவமனை அதற்கென்றே 1899இல் ஒரு சவப்பெட்டி இல்லம் கட்டியது. சொந்த ஊருக்குப் போகும் வழியில் எலும்புகள் தங்குவதற்கு.

நியூசிலாந்திலிருந்து 1902இல் வென்ட்னர் என்றொரு கப்பல் புறப்பட்டது. தங்கம் தோண்டப் போய் அங்கேயே செத்த 499 சீனர்களின் மிச்சங்கள் அதில் இருந்தன. ஹோக்கியாங்கா கரைக்கு அப்பால் கப்பல் மூழ்கியது. பெட்டிகள் அலையில் ஒதுங்கின. அந்தக் கரையில் வாழ்ந்த மாவோரி மக்கள், தே ரோரோவா, தே ரராவா குலத்தவர், யாரென்றே தெரியாத அந்த எலும்புகளை எடுத்துத் தங்கள் மண்ணில் அடக்கம் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த இடங்களை நினைவில் வைத்திருந்தார்கள். நூறாண்டுக்குமேல் கழித்து நியூசிலாந்துச் சீனர்கள் விஷயம் தெரிந்து நன்றி சொல்லப் போனார்கள். சொந்த ஊரின் எந்த நோட்டிலும் இந்த வரவு இருக்காது. வட்டம் அறுந்த இடத்தில் முறை இல்லாத யாரோ முறை செய்தார்கள்.

இப்போது நம் முன்னால் இருக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊருக்குப் போகத் தோதுப்படவில்லை. வரி போன் வழியாகப் போய்விடுகிறது, கொடை வீடியோவில் வந்துவிடுகிறது. ஆகவே பிடிமண் எடுத்துக்கொண்டு வந்து இங்கேயே சாமியை வைத்துவிடலாம் என்று சிலர் பேசுகிறீர்கள். மூலக்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து புதுக்கோயில் நிறுவுவது நமக்குப் புதிதில்லை, நம் முன்னோர் வாழப்போன இடமெல்லாம் செய்ததுதான். தாவோ மரபிலும், சீன நாட்டார் சமயத்திலும் இதே வழக்கம் இருக்கிறது. தாய்க்கோயில் தூபக்கலயத்தின் சாம்பலில் கொஞ்சம் எடுத்துப் போய்க் கிளைக்கோயில் வைப்பார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. கிளைச்சாமி அவ்வப்போது தாய்க்கோயிலுக்குத் திரும்பிப் போய்ச் சாம்பலைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் சக்தி குறையும். தைவானின் தாஜியா ஊர்க்காரர்கள் தங்கள் மாசு அம்மனின் தாய்க்கோயிலான மெய்சோ தீவுக்கு 1987இல் போனார்கள். சீனாவுக்குப் போக அரசாங்கம் அனுமதிக்காத நேரம். ஜப்பான் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நம் பிடிமண்ணுக்கு அப்படி ஒரு நிபந்தனை எழுதப்படவில்லை. எழுதலாம். மும்பைக் கோயில் மூன்று கொடைக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் புதுப்பிடி மண் எடுத்து வர வேண்டும் என்று வைக்கலாம். அதற்கு முன் இன்னொன்றை முடிவு செய்தாக வேண்டும், போன வாரம் நம் தெருக்கூட்டத்தில் பாதியில் நின்ற பேச்சு அது. புதுக்கோயிலுக்குப் புது நோட்டுப் போடப் போகிறீர்கள். முதல் பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதில் தலைக்கட்டு என்று எழுதுவீர்களா, ஆள் என்று எழுதுவீர்களா? பொம்பளைக்கு என்ன வரி என்று ஓர் அண்ணாச்சி கேட்டார். சீட்டு நோட்டு வைத்திருக்கும் அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "என் பேரை எழுதுங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க, இந்த மாசமே தாரேன்" என்றாள். அண்ணாச்சி இன்னும் தொகை சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் அவரே முதலில் பேசட்டும்.